பருவத்துக்கு வாராத பசுவும் ஓமோன் மருந்தும்

பசுவோ எருமையோ ஒன்றிரண்டு வைத்திருக்கும் கமக்காரனுக்கு அதனாற் கிடைக்கும் பயன் இருவகைப்படும். ஒன்று பால், மற்றையது எரு. எருவைப் பசு எந்நாளும் தரும். பாலையோ கன்று ஈன்ற பின்னரே தரும். ஆகவே மாடு வளர்ப்பின் இலாப நட்டம் பெரும்பாலும் ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடைப்பட்ட நாட்களின் தொகையிலேயே தங்கியுள்ளது.

இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். ஏப்பிரல் 1ஆந் திகதி ஈன்ற பசு அடுத்த ஆண்டும் அதே திகதியளவில் ஈன வேண்டுமாயின், அது யூன் 25ஆந் திகதியளவில், அதாவது ஈன்ற 85ஆம் நாளளவில், சினைப்பட்டிருத்தல் வேண்டும். ஈன்ற பின் கருப்பை சுருங்கித் தன் பழைய அளவை அடைவதற்கு ஏறக்குறைய 40 நாட்கள் செல்லும். 60 நாட்கள் கழியும்வரை பொறுத்திருப்பதே பொதுவான வழக்கம். எஞ்சியிருப்பவை 25 நாட்களே. பசு 21 நாட்களுக்கு ஒருமுறை பருவத்துக்கு வருவதால் இந்த 25 நாட்களுள் கிடைக்கும் வாய்ப்பு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மூன்று பருவங்களைத் தவறவிட்டாலோ 63 நாட்கள் பிந்தும். கன்று யூன் 3ஆந் திகதியளவிலேயே பிறக்கும். அந்த 63 நாட்களிலும் மாடு தின்னும் புல்லும் தவிடும் குறைவதில்லை.

மகாவலி கங்கைக் கரையிலுள்ள குண்டசாலையிலே, கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் மத்திய செயற்கைச் சினைப்படுத்தல் நிலையம் அமைந்துள்ளது. தெரிந்தெடுத்த காளைகளின் விந்து மெல்லிய குழல்களில் அடைக்கப்பட்டு, −196 பாகை செல்சியசுக் குளிருள்ள திரவ நைதரசனில் உறைநிலையிற் காக்கப்பட்டு, ஊர்களுக்கு அனுப்பப்படுகின்றது. விந்தை உறையவைத்தும் உயிருடன் காக்கலாம் என்பது, கிளிசரோலின் குணம் 1949இல் இங்கிலாந்தில் அறியப்பட்ட பின்னரே கைகூடியது. இன்று அந்தக் குழலிலுள்ள விந்து ஆண்டுக்கணக்காகக் காத்திருக்க வல்லது. பசுவின் சூலோ வெளிவந்த பின் சில மணித்தியாலங்களே காத்திருக்கும். நல்ல காளையின் விந்து வீட்டு வாசலுக்கு வந்தும், பருவம் கழிந்துவிட்டதென்று திரும்பிப் போகுமாயின் அதனாற் பயன் என்ன? இதனாலேயே குண்டசாலை, மெனிக்கின்ன, திகன, தெல்தெனிய முதலிய இடங்களில் மாடு வளர்ப்போர் மிருக வைத்திய அதிகாரியிடம் கேட்கக்கூடிய முதற் கேள்வி, "மாடு பருவத்துக்கு வரவில்லையே, வரப்பண்ணும் ஊசி ஒன்று போட முடியாதா?" என்பதாகும்.

போட முடியும். அத்தகைய மருந்துகள் உள. அவை பயன் தருவனவும் ஆகும். ஆனால் அவை எந்தப் பசுவில் வேலை செய்யும், எதில் வேலை செய்யா, எதிற் கேடு விளைக்கும் என்பதை உடையவனும் ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். வைத்தியர் கேட்கும் கேள்விகளுக்கு விடை கூற வேண்டியவன் அவனே அன்றோ.

சூலகத்தில் நடப்பது யாது?

பசுவின் சூலகத்தில் நீர் நிறைந்த சிறு கொப்புளம் போன்ற புடைப்பு ஒன்று வளர்கின்றது. அதனுள்ளே சூல் இருக்கின்றது. புடைப்பு முதிரும்போது ஈஸ்ரோஜன் என்னும் ஓமோனைச் சுரக்கும். பசு கத்துதல், தீன் குறைதல், மற்ற மாடுகளின் மேல் ஏறுதல், வழுவழுப்பான திரவம் ஒழுகுதல் ஆகிய யாவும் இந்த ஓமோனின் விளைவுகளே. பின்னர் மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி ஏவ, புடைப்பு வெடித்துச் சூல் வெளிவரும். வெடித்த இடத்தில் மஞ்சட் சடலம் என்னும் கட்டி உருவாகிப் புரொஜெஸ்ரரோன் என்னும் வேறோர் ஓமோனைச் சுரக்கும். கருவைக் காப்பது இதன் தொழில். மஞ்சட் சடலம் இருக்கும் வரையில் அடுத்த பருவம் வாராது. கரு தங்கவில்லையெனில், 16 அல்லது 17ஆம் நாளளவிற் கருப்பையே புரொஸ்டாகிளாண்டின் என்னும் பொருளைச் சுரந்து மஞ்சட் சடலத்தைக் கரைத்துவிடும். உடனே புதிய புடைப்பு முதிர்ந்து, 21ஆம் நாளளவில் மீண்டும் பருவம் வரும்.

வயலுக்கு நீர் பாய்ச்சுபவனுக்கு இதனை எளிதில் விளங்க வைக்கலாம். மஞ்சட் சடலம் மடையை அடைத்திருக்கும் பலகை போன்றது. பலகையை எடுத்தால் நீர் பாயும். புரொஸ்டாகிளாண்டின் ஊசி செய்வதெல்லாம் அந்தப் பலகையை எடுப்பதே. குளத்தில் நீர் இல்லையாயின், பலகையை எடுத்தும் வயல் நனையாது.

இம்மருந்து வருமுன் வேறு முறைகள் கையாளப்பட்டன. 1950களிலும் 1960களிலும் வைத்தியர் பசுவின் குதத்தினூடாகக் கையைச் செலுத்தி, மஞ்சட் சடலத்தை விரலால் நசுக்கி அகற்றுவதுண்டு. அதனால் உள்ளே இரத்தம் பெருகிச் சில பசுக்கள் இறந்தன. வேறு சிலவற்றிற் சூலகம் அயல் உறுப்புகளுடன் ஒட்டி, அவை நிரந்தர மலடாயின. வேறொரு வழி, 1938இல் செயற்கையாக ஆக்கப்பட்ட ஸ்ரில்பெஸ்ரோல் என்னும் ஈஸ்ரோஜன் வகை மருந்தை ஊசியாக ஏற்றுவதாகும். இதனைப் பெற்ற பசு இரண்டொரு நாளிற் கத்தும்; ஏறும்; ஏறவும் விடும். பார்த்தவர் மகிழ்ந்தனர். ஆனால் புடைப்பு முதிராத சூலகத்திலிருந்து சூல் வரவில்லை. காளையை விட்டும் கன்று வரவில்லை. ஊசியினால் உண்டாகும் அறிகுறி வேறு, சூல் வெளிவருதல் வேறு என்னும் பாடத்தை அக்கால அனுபவம் கற்பித்தது. இன்றைக்கும் ஊசி போட்ட மறுநாள் மாடு கத்தவில்லையென்று மனம் தளர்வோர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

புரொஸ்டாகிளாண்டின் என்னும் பெயரை 1935இற் சுவீடன் நாட்டு அறிஞர் உல்ஃப் வொன் ஒய்லர் இட்டார். அது பசுவின் மஞ்சட் சடலத்தைக் கரைக்கும் என்பது 1970களின் தொடக்கத்தில் உறுதிப்பட, கால்நடை வைத்தியத்தில் அது பெரும் இடத்தைப் பெற்றது. இவ்வகைப் பொருள்களை ஆராய்ந்த மூவருக்கு 1982இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மருந்துகள் மூவகை

முதலாவது, மேற்கூறிய புரொஸ்டாகிளாண்டின் ஊசி. பருவம் கழிந்து 5 அல்லது 6 நாட்களின் பின்னரே மஞ்சட் சடலம் இதற்குக் கட்டுப்படும். அதற்கு முன் போட்டால் மருந்து வீண். உரிய நாளிற் போட்டால் 2 முதல் 5 நாட்களுக்குள் பசு பருவத்துக்கு வரும். பசு எந்த நாளில் இருக்கின்றதென்று தெரியாவிடின், 11 நாள் இடைவெளியில் இரண்டு ஊசிகள் போடுவதுண்டு. முதல் ஊசிக்குத் தப்பிய பசுவும் இரண்டாவதற்குள் அகப்பட்டுக்கொள்ளும். ஆயினும் இவை யாவும் சூலகம் இயங்கும் பசுவுக்கே பொருந்தும்.

இரண்டாவது, புரொஜெஸ்ரரோன் ஊட்டிய ஒரு சிறு கருவியை யோனியினுள் 7 முதல் 9 நாட்கள் வைத்து எடுப்பது. அது உள்ளே இருக்கும் வரையில் மஞ்சட் சடலம் இருப்பது போலவே உடல் நடந்துகொள்ளும். எடுத்ததும் பருவம் தொடங்கும். எடுக்கும் வேளையிலோ முதல் நாளிலோ புரொஸ்டாகிளாண்டின் ஊசியும் போடப்படும். இயக்கம் மந்தமான சூலகத்தைத் தூண்டச் சினைக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் ஓமோனையும் வைத்தியர் சேர்த்துக் கொடுக்கக்கூடும். அவ்வோமோன் 1930இலேயே கண்டறியப்பட்டது. ஈன்று பல மாதமாகியும் சூலகம் உறங்கிக் கிடக்கும் பசுவுக்கும் எருமைக்கும் இம்முறையே மிகப் பொருந்துவது. செலவும் இதற்கே அதிகம்.

மூன்றாவது, கபச்சுரப்பியை ஏவும் ஓமோன். 1995இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட முறையில், முதல் நாள் இவ்வோமோனும், ஏழு நாட் கழித்துப் புரொஸ்டாகிளாண்டினும், அதன்பின் இரண்டு நாட் கழித்து மீண்டும் முதல் ஓமோனும் போடப்பட்டு, ஏறக்குறைய 16 மணித்தியாலத்தின் பின் பசு சினைப்படுத்தப்படுகின்றது. அறிகுறி பார்க்க வேண்டியதில்லை. மணிக்கூட்டைப் பார்த்தாற் போதும். நூற்றுக்கணக்கிற் பசு வைத்திருக்கும் பெரும் பண்ணைகளுக்கு இது வரப்பிரசாதம் எனலாம். ஒரேயொரு பசுவைத் தொழுவத்திற் கட்டியிருப்பவன், கண்ணால் இலவசமாகச் செய்யக்கூடியதை மூன்று ஊசிகளாற் செய்விப்பது சிக்கனமன்று. அன்றியும், பாற்பசுக்களில் இவ்வாறு சினைப்படுத்தப்பட்டவற்றுள் பொதுவாக நூற்றுக்கு 30 முதல் 40 வரையிலேயே முதல் முறையிற் சினைப்படுகின்றன. ஊசி பருவத்தைத் தரும். கன்றுக்கு உறுதி தாராது.

வாராத பருவமும் காணாத பருவமும்

பருவத்துக்கு வரவில்லை என்று கூறப்படும் பசுக்களைச் சோதித்தால், அவற்றுட் பலவற்றின் சூலகத்தில் நல்ல மஞ்சட் சடலம் இருக்கக் காணலாம். அதன் பொருள், பசு பருவத்துக்கு வந்தது. வீட்டார் காணவில்லை என்பதே. இதற்காக எவரையுங் குறைகூற வேண்டியதில்லை. பருவம் நீடிப்பது 12 முதல் 18 மணித்தியாலம் மாத்திரமே. நாட்டுப் பசுக்களிலும் இந்திய இனக் கலப்புப் பசுக்களிலும் அதனினுங் குறைவு. வெயில் மிகுந்த நாட்களில் ஜேர்சி, பிரீசியன் கலப்புப் பசுக்கள் பகலில் அடங்கிக் கிடந்து இரவிலே குறிகாட்டும். குண்டசாலைப் பக்கத்துச் சிறு கமங்களிலோ மாடு தனியே கட்டப்பட்டு நிற்பது வழக்கம். பருவத்தின் ஐயமற்ற அடையாளம், வேறொரு மாடு தன்மேல் ஏறும்போது பசு அசையாது நிற்பதாகும். கூடவே வேறு மாடு இல்லாதவிடத்து அந்த அடையாளம் எங்ஙனந் தோன்றும்?

ஆகவே விடியற்காலையிலும், மாலையிலும், படுக்கப் போகுமுன்னும் தொழுவத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் கால்மணி நேரமாவது நின்று பார்த்தாலே பயனுண்டு. விளக்கைக் காட்டிவிட்டு வருவது பார்ப்பது ஆகாது. பார்க்க வேண்டியவை: காரணமின்றிக் கத்துதல், அமைதியின்மை, பால் திடீரெனக் குறைதல், யோனிவாய் தடித்துச் சிவத்தல், முட்டையின் வெண்கரு போன்ற தெளிந்த திரவம் கயிறுபோல் தொங்குதல் அல்லது வாலிலும் தொடையிலும் காய்ந்து ஒட்டியிருத்தல். இயலுமானால் அயலவரின் மாட்டுடன் சிறிது நேரம் சேர்த்து அவிழ்த்து விட்டுப் பார்ப்பது இவையெல்லாவற்றிலும் மேலானது.

வாலிற் சிறிது இரத்தம் காணப்படுவதுமுண்டு. பலர் இதனைப் பருவத்தின் தொடக்கமென எண்ணிச் சினைப்படுத்துநரை அழைக்கின்றனர். உண்மையில் அது பருவம் கழிந்து ஒன்று முதல் மூன்று நாட்களின் பின் தோன்றுவது. அப்போது அழைத்துப் பயனில்லை. ஆனால் அந்த நாளைக் குறித்து வைத்தால் மிகுந்த பயனுண்டு. அன்றிலிருந்து 16ஆம் நாள் தொடங்கிப் பசுவை உற்றுக் கவனித்தால் அடுத்த பருவம் தப்பாது. காசு கொடாமற் கிடைக்கும் இந்த அறிவிப்புக்கு நிகரான மருந்து கடையிற் கிடையாது.

காலையிற் பருவக்குறி கண்டால் அன்று மாலையும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையும் சினைப்படுத்துவது முறை. சூல் வெளிவருவது பருவம் முடிந்து 10 முதல் 12 மணித்தியாலத்தின் பின்னராதலால் இவ்வாறு கூறப்படுகின்றது.

வற்றிய குளம்

மற்றொரு கூட்டம் மெய்யாகவே பருவத்துக்கு வாராத பசுக்கள். இவற்றின் சூலகம் சிறுத்து, மழமழப்பாய், மஞ்சட் சடலமுமின்றிப் புடைப்புமின்றி இருக்கும். மேலே கூறிய உவமையில், இது நீரற்ற குளம். இப்பசுவுக்குப் புரொஸ்டாகிளாண்டின் ஊசி ஒன்றல்ல, பத்துப் போட்டாலும் பயனில்லை.

காரணம் பெரும்பாலும் தீவனமே. ஈன்ற பசு முதலில் தன் கன்றுக்கும் பாலுக்கும் வேண்டியதைத் தன் உடலிலிருந்தே எடுத்துக் கொடுக்கும். அடுத்த கருவைப் பற்றிய நினைவு அதன் உடலுக்குக் கடைசியிலேயே வரும். விலா எலும்புகள் தெரிய, இடுப்பெலும்பு துருத்தி நிற்கும் பசு பருவத்துக்கு வரவில்லையென்றால், அது நோயன்று. அவ்வுடல் தனக்கு அறிந்த வழியில் தன்னைக் காத்துக்கொள்கின்றது. வைத்தியர் மாட்டின் உடற்கட்டை 1 முதல் 5 வரை புள்ளியிட்டு மதிப்பர். ஈனும் வேளையில் 2.5 புள்ளிக்குக் குறைந்த பசு அடுத்த பருவத்தைக் காட்ட நெடுநாள் எடுக்கும். ஆகையால் பசுவைத் தேற்றவேண்டிய காலம் ஈன்ற பின்பன்று. ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதங்களாகும்.

நெற்செய்கையாளன் கையில் இதற்கான பொருளொன்று உண்டு. அதுவே வைக்கோல். பெரும்போக, சிறுபோக அறுவடைகளின் பின் வயலிற் குவிந்து கிடக்கும் வைக்கோலைக் கொளுத்துவோர் இன்னும் உளர். வெறும் வைக்கோல் மாட்டின் வயிற்றை நிரப்புமேயன்றி உடலைத் தேற்றாது. அதிற் புரதம் மிகக் குறைவு. 4 கிலோகிராம் யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்து, 100 கிலோகிராம் வைக்கோலின்மீது படைபடையாகத் தெளித்து, காற்றுப் புகாவண்ணம் பொலித்தீனால் மூடி, ஏறக்குறைய 10 நாட்கள் வைத்திருந்தால் அதே வைக்கோல் மென்மையாகிச் சமிபாடடைதல் எளிதாகும். புரதமாகப் பயன்படக்கூடிய நைதரசனும் பெருகும். 1980களில் நெதர்லாந்தின் உதவியுடன் இந்நாட்டில் நடைபெற்ற வைக்கோற் பயன்பாட்டுத் திட்டம் இம்முறையை விரிவாக ஆராய்ந்தது. வேண்டியதை வெளியே எடுத்துச் சற்றே காற்றாட விட்ட பின் கொடுத்தல் வேண்டும். யூரியாவைக் கட்டியாகவோ நீரிற் கரைத்துக் குடிக்கவோ ஒருபோதும் விடலாகாது. அது மாட்டைக் கொல்லும். இன்னமும் அசைபோடத் தொடங்காத இளங்கன்றுக்கு யூரியா வைக்கோலும் ஆகாது.

வேலியோரத்துக் கிளிரிசிடியா இலையை இவ்வைக்கோலுடன் நாளும் சேர்த்துக் கொடுக்கலாம். மாடு முதலிற் கிளிரிசிடியாவை முகர்ந்துவிட்டு விலகினால், வெட்டி ஒருநாள் வாடவிட்டுக் கொடுக்க, தின்னப் பழகிக்கொள்ளும். தாதுப்புக் கலவையும் எந்நேரமும் தூய நீரும் இருத்தல் வேண்டுமென்பது சொல்லாமலே விளங்கும். மரக்கறித் தோட்டக்காரருக்கு ஓர் எச்சரிக்கை: கழிவுக் கோவா, முள்ளங்கி இலை முதலியவை நல்ல தீனியே, பூச்சிநாசினி தெளித்து உரிய நாட்கள் கழியாதவற்றை மாட்டுக்கு இடலாகாது.

கன்று எந்நேரமும் முலையூட்டிக்கொண்டிருப்பதும் பருவத்தைப் பின்தள்ளும். இது எருமைகளிலும் நாட்டுப் பசுக்களிலும் தெளிவாகக் காணப்படுவது. கன்றைப் பகலிற் பிரித்துக் கட்டி, கறக்கும் வேளையில் மாத்திரம் ஊட்டவிட்டால், சூலகம் விரைவில் விழித்தெழும். இதற்கும் செலவில்லை.

எருமையைப் பற்றிச் சில சொற்கள்

எருமை பருவத்துக்கு வருவதை அறிவது கடினம். சுழற்சி பசுவினது போலவே 21 நாட்களாயினும், எருமைகள் ஒன்றன்மேலொன்று ஏறுவது அரிது, கத்தலும் குறைவு, பருவம் பெரும்பாலும் இரவிலே தோன்றிப் புலருமுன் மறைந்துவிடும். அடிக்கடி சிறிது சிறிதாகச் சிறுநீர் கழித்தலும், வாலை உயர்த்தியிருத்தலுமே வெளியே தெரியக்கூடியவை. எருமைகளில் மெய்யாகவே நடப்பது யாதென்பதை அறிய, பாலிலுள்ள புரொஜெஸ்ரரோனின் அளவை அளந்தறியும் முறையைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தார் 1980களிலேயே சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் உதவியோடு கைக்கொண்டனர். வயலுழவுக்குச் சிறு உழவு இயந்திரம் வந்தபின் எருமையை விற்றவர் பலர். தயிருக்காக வைத்திருப்போர் அதன் பருவத்துக்காக ஒரு நாம்பனைக் கூடவே மேயவிடுவது இன்றும் ஊசியினுஞ் சிறந்த வழியாகும். எருமையின் சினைக்காலம் பத்து மாதத்துக்கும் மேற்பட்டது என்பதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

ஊசியினால் வரும் கேடு

புரொஸ்டாகிளாண்டின் சினைப்பசுவுக்குப் போடப்பட்டால் கரு கலைந்துவிடும். கருவைக் காத்துநிற்பது மஞ்சட் சடலம். அதனைக் கரைப்பது இந்த ஊசி. இதில் வியப்பு ஒன்றுமில்லை. வியப்புக்குரியது, "பசு பருவத்துக்கு வரவில்லை" என்னும் முறைப்பாட்டுக்குரிய பசு சினையாயிருப்பதால் வராமலிருப்பது எத்தனை இயல்பு என்பதை வீட்டார் மறந்துவிடுவதே. வயலோரத்தில் அவிழ்ந்து போன நாளில் அயலூர்க் காளை சேர்ந்திருக்கலாம். மேய்த்த பையன் அதனைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். நான்கு மாதக் கரு தொழுவத்தில் விழுந்த பின் யாரை நோவது? ஆகையாற் சினைச் சோதனை செய்யாமல் இவ்வூசியைப் போடுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. சோதனை செய்யாமற் போட முன்வருபவரை விலக்குதலே நன்று.

கேடு மாட்டோடு நிற்பதுமில்லை. இம்மருந்து மனிதரின் தோலினூடாகவும் உட்செல்லும். கருவுற்ற பெண்களும், கருவுறக்கூடிய வயதினரும், ஈளை நோயுள்ளவரும் இதனைத் தொடலாகாது. மாட்டைப் பிடித்து நிற்பவர் வீட்டுப் பெண்ணாக இருப்பதே ஊர்களில் வழக்கமாதலின், ஊசி போடும் வேளையில் அவர் விலகியிருத்தல் வேண்டும். தோலிற் பட்டால் உடனே சவர்க்காரமும் நீருங் கொண்டு கழுவுதல் வேண்டும். வெறுங் குப்பியையும் ஊசியையும் தோட்டத்தில் எறிதல் கூடாது.

நாய்க்கும் இதே ஊசியா?

தோட்டங்களிற் காட்டுப்பன்றியும் குரங்கும் புகும் இப்பிரதேசத்தில், நன்கு காவல் காக்கும் பெண்நாய் ஒன்றன் குட்டிகளை விரும்புவோர் பலர். அத்தகையோர் மாட்டுக்குப் போட்ட மருந்தை நாய்க்கும் போடலாமா என எண்ணுவதுண்டு. போடலாகாது. நாயின் கணக்கு முற்றிலும் வேறு. பெண்நாய் சராசரி 7 மாதத்துக்கு ஒருமுறையே பருவத்துக்கு வரும். 5 மாதமும் இயல்பு, சிலவற்றிற்கு ஓராண்டும் இயல்பு. பருவம் கழிந்ததும், சினையாயினும் அன்றாயினும், மஞ்சட் சடலம் ஏறக்குறைய இரண்டு மாதம் வேலை செய்யும். அதன்மேல் நாலைந்து மாத ஓய்வு. நாயின் மஞ்சட் சடலம் ஓர் ஊசிக்குக் கரையாது. கரைக்குமளவு மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் நாய் வாந்தியெடுத்து மூச்சிரைக்கும்.

நாயை வேளைக்குமுன் பருவத்துக்குக் கொணரும் மருந்துகள் வேறு. பாற்சுரப்பை ஏவும் புரோலக்றின் என்னும் ஓமோனைத் தணிக்கும் கபேகொலின் என்னும் மருந்தை நாளும் வாய்வழியே கொடுத்து, ஓய்வுக் காலத்தைச் சுருக்குவது ஒரு முறை. தோலின்கீழ் டெஸ்லொரெலின் என்னும் மருந்துக் குச்சியைப் பதித்துப் பருவம் தொடங்கியபின் அகற்றுவது மற்றொரு முறை. இரண்டும் நாய்களிற் பழகிய வைத்தியர் மேற்பார்வையிலேயே செய்யத்தக்கன. முற்காலத்தில் ஈஸ்ரோஜன் ஊசி போடப்பட்டது. அது எலும்பு மச்சையைக் கெடுத்து நாயைக் கொல்லவும், கருப்பையிற் சீழ்பிடிக்கச் செய்யவும் வல்லது. பருவத்தைத் தடுப்பதற்காகப் போடப்படும் புரொஜெஸ்ரரோன் வகை ஊசியும் பின்னாளிற் கருப்பைச் சீழுக்கு வழிவகுக்கக்கூடும். குட்டி வேண்டாதவர் அதனைவிட அறுவை முறையை நாடுவது மேல்.

மேலும், "பருவம் வந்தும் ஆண்நாயை ஏற்கவில்லை" என்று சொல்லப்படும் நாய்கள் பல, இரத்தம் ஒழுகும் முதல் ஒன்பது நாட்களுக்குள் ஆண்நாயிடம் விடப்பட்டவை. அந்நாட்களில் அது ஏற்காது. இரத்தம் வெளிறத் தொடங்கிய அடுத்த ஒன்பது நாட்களே ஏற்கும் காலம். நாட்களை எண்ணத் தெரிந்தவனுக்கு மருந்து வேண்டியிராது.

வைத்தியரை அழைக்குமுன்

தொழுவத்துத் தூணில் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டு, அதில் ஈன்ற நாள், பருவக்குறி கண்ட நாள், இரத்தம் கண்ட நாள், சினைப்படுத்திய நாள், காளையின் இலக்கம், மாடு அவிழ்ந்து போன நாள் ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். ஈனும்போது கன்று சிக்கியதா, இளங்கொடி உரிய நேரத்தில் விழுந்ததா, பின்னர் துர்நாற்றமுள்ள கசிவு இருந்ததா என்பதையும் எழுதி வைத்தல் நன்று. கருப்பையிற் சீழ் இருக்குமாயினும் பசு பருவத்துக்கு வாராது. அதற்கும் புரொஸ்டாகிளாண்டின் பயன்படுமாயினும், சினைப்படுத்துவது நோய் தீர்ந்த பின்னரே.

ஈன்று 60 நாட்களாகியும் குறி காணாவிடின் வைத்தியரிடம் அறிவித்தல் வேண்டும். ஆறு மாதம் பொறுத்திருந்து அறிவிப்பதால் ஊசியின் வேலை கடினமாகுமேயன்றி எளிதாகாது. வைத்தியர் சோதித்துப் பசு சினையன்று, சூலகத்தில் மஞ்சட் சடலம் உண்டு எனக் கூறி ஊசி போட்டால், இரண்டாம் நாள் தொடங்கி ஐந்தாம் நாள்வரை காலையும் மாலையும் இரவும் பசுவைப் பார்த்தல் வேண்டும். அந்நாட்களில் நாற்று நடுகை, அறுவடை, சந்தைக்கு மரக்கறி ஏற்றுதல் ஆகிய வேலைகள் வீட்டார் அனைவரையும் இழுத்துக்கொள்ளுமாயின், ஊசியை ஒரு கிழமை பிற்போடுமாறு கேட்டுக்கொள்வதே புத்தி. குறி கண்டவுடன் சினைப்படுத்துநருக்கு அறிவித்தல் வேண்டும்.

சினைப்படுத்திய 18ஆம் நாள் தொடங்கி 24ஆம் நாள்வரை மறுபடியும் கவனித்தல் வேண்டும். பருவம் மீண்டும் தோன்றினாற் கரு தங்கவில்லை. அதே பருவத்தில் மறுபடி சினைப்படுத்தலாம். மூன்று முறை இவ்வாறு திரும்பினாற் கருப்பையைச் சோதிப்பித்தல் வேண்டும். பருவம் தோன்றாவிடினும் சினையென்று முடிவுகட்டாமல், இரண்டு மாதம் கழிந்தபின் வைத்தியரின் கையாற் சினைச் சோதனை செய்வித்து, அந்தத் திகதியையும் தூணிலுள்ள நாட்காட்டியிற் குறித்துக்கொள்ளல் வேண்டும்.